முதலில் காகிதத்தில் கட்டுங்கள்: வளாகக் கட்டுமானம் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் வீடு கட்டுவது பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, கல்லூரி, பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பற்றியே இருந்தன. பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி, வாளையார் என்று எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பது வருடம் ஒரு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பிரிவில் இருந்தவன், அதனால் இந்த மாதம் முழுக்க அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாடி ஆய்வகக் கட்டடம், பதினெட்டு மாத ஒப்பந்தம். மாணவர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து மே மாதம் குழி தோண்டினோம். இப்போது குழி முழுக்கத் தண்ணீர். காண்ட்ராக்டர் மழையைக் காட்டுகிறார், மேலிடம் என்னைக் கேட்கிறது. எங்கே தவறினேன்?
*வாசகர், வாளையார்*

பதில்: தம்பி, நீங்கள் சேருவதற்கு முன்பே அந்தத் தவறு நடந்துவிட்டது, அதனால் முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். கேரளத்தில் கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஜூன் முதல் வாரத்தில் மழை. விடுமுறையில் தோண்டலாம் என்று எல்லோருக்கும் தோன்றும், ஆனால் மே மாதம் தோண்டிய குழியை மழை வருவதற்குள் மூட முடியாது. அஸ்திவாரம் ஜனவரியில் தொடங்கி, மே முடிவதற்குள் கட்டடம் பிளிந்த் மட்டத்துக்கு, அதாவது தரைத்தள மட்டத்துக்கு, மேலே வந்திருக்க வேண்டும். மாணவர்கள் இருக்கிறார்களே என்றால், சுற்றிலும் தகரம் அடித்து, லாரி வருவதற்குத் தனி வாசல் வைத்துவிட்டால் விடுமுறைக்கு முந்தைய அந்த மூன்று மாதத்தைச் சமாளிக்கலாம். விடுமுறை வேறு வேலைக்கு வேண்டும். பழைய சாக்கடையில் புதிய குழாயைச் சேர்ப்பது, சாலையை வெட்டிக் கேபிள் போடுவது, டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்தி இணைப்பு கொடுப்பது இதெல்லாம் வகுப்பு நடக்கும்போது செய்யவே முடியாத வேலைகள், இவற்றுக்கு அந்த இரண்டு மாதத்தைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

அப்படியானால் ஜனவரியில் தோண்ட வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். டெண்டர் அக்டோபர், நவம்பருக்குள் முடிந்திருக்க வேண்டும், அதற்கு வரைபடமும் மதிப்பீடும் ஓணத்துக்கு முன்பே கையெழுத்தாகி இருக்க வேண்டும், அதற்கு மண் பரிசோதனை முந்தைய கோடையிலேயே நடந்திருக்க வேண்டும். பணத்துக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசின் மானியம் என்றால் மார்ச் 31 வந்ததும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்று கேட்பார்கள், செலவாகாத பணத்துக்குப் பதில் சொல்ல வேண்டி வரும், அந்தப் பயத்தில்தான் பல இடங்களில் பிப்ரவரியில் அவசர அவசரமாக வேலை உத்தரவு கொடுத்து ஏப்ரல், மேயில் தோண்டுகிறார்கள். மழை, பரீட்சை, பணம் மூன்றையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி அறையின் சுவரில் ஒட்டி வைக்கும்படி என்னிடம் பயிற்சிக்கு வந்த எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இப்போது என்ன செய்வது? குழியின் ஒரு மூலையில் சின்னப் பள்ளம் வெட்டி அங்கே பம்பு வையுங்கள். தண்ணீர் இறைத்த பிறகு அடியில் சேறாகக் குழைந்த மண்ணை முழுக்க வழித்தெடுங்கள், எடுத்த இடத்தில் மறுபடியும் மண் போட்டு மட்டம் செய்ய விடாதீர்கள், பி.சி.சி.யால், அதாவது கம்பியில்லாத சாதாரணக் கான்கிரீட்டால்தான், நிரப்ப வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் பத்து வருடம் கழித்து விரிசல் விடும்போது உங்கள் பெயர்தான் கோப்பில் இருக்கும். அப்புறம், ஹின்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரை, அதாவது வேலைத் தடைப் பதிவேட்டை, இன்றைக்கே எழுதத் தொடங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வேலை நின்றது, எதனால், எப்போது மீண்டும் தொடங்கியது, இரண்டு தரப்பும் கையெழுத்து. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், வழக்கமாகப் பெய்யும் மழை ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே அடங்கியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், வழக்கத்துக்கு மீறிய மழைக்குத்தான் கால நீட்டிப்பு கேட்க முடியும். பக்கத்து மழைமானியின் அளவை வாங்கிக் கோப்பில் சேர்த்து வையுங்கள்.

வருகிற டிசம்பரில் நீங்கள் ஸ்லாப் போடத் தொடங்கும்போது இன்னொரு சிக்கல் வரும். நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து வறண்டு அடிக்கிறதே, அது புதுக் கான்கிரீட்டின் மேல்தண்ணீரை ஒரு மணி நேரத்தில் உறிஞ்சிவிடும், மாலையில் பார்த்தால் மயிரிழை விரிசல் கோடு கோடாக ஓடியிருக்கும். ஸ்லாபை விடிவதற்கு முன்போ மாலையிலோ போடுங்கள், மட்டப்பலகை இழுத்த கையோடு ஈரச்சாக்கு அல்லது பாலிதீன் மூடுங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்கு 7 நாள் கியூரிங் (ஈரமாகவே வைத்திருப்பது) என்றாலும், வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் 10 நாளுக்குக் குறையக் கூடாது என்கிறது. பி.பி.சி. போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாள் பரிந்துரைக்கிறது. நம் ஊருக்கு 14 என்றே வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஒவ்வொரு கோடையிலும் உத்தரவு போடும், பெரும்பாலும் 12 மணி முதல் 3 மணி வரை. அந்த மூன்று மணி நேரத்தைக் கழித்துத்தான் உங்கள் அட்டவணை இருக்க வேண்டும்.

கேள்வி: வேதியியல் துறைத் தலைவராக இருக்கிறேன். எங்கள் புதிய கட்டடத்தில் இரண்டு ஃபியூம் ஹூட்களை (நச்சுப்புகையை இழுத்து வெளியேற்றும் கூண்டுகள்) எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன், ஒரு வகுப்பறையைத் துறை நூலகமாக மாற்றவும் கேட்டேன். பொறியாளர் முடியாது என்கிறார். சுவர்கூட இன்னும் கட்டவில்லை, இதில் என்ன கஷ்டம்?
*பேராசிரியை ஒருவர், பாலக்காடு*

பதில்: அம்மா, உங்கள் எரிச்சல் புரிகிறது, ஆனால் இதில் நான் அந்தப் பொறியாளர் பக்கம்தான். சுவர் கட்டவில்லை என்றாலும் ஸ்லாப் போட்டாகிவிட்டது அல்லவா? ஃபியூம் ஹூட்டின் புகைக்குழாய் மேல்தளம் வரை போக அந்த ஸ்லாபில் ஓட்டை விட்டிருக்கிறார்கள், அதைச் சுற்றித் தனிக் கம்பி கட்டியிருக்கிறார்கள். எதிர்ச்சுவருக்குப் போனால் அங்கே புதிதாகத் துளைக்க வேண்டும், கீழே பீம் ஓடினால் துளைக்கவே கூடாது.

நூலகம் இன்னும் பெரிய விஷயம். வகுப்பறைத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 300 கிலோ தாங்கும்படி வடிவமைப்பார்கள். புத்தக அலமாரிகள் நிற்கும் அறைக்கு அதுவே 6, அதுவும் அலமாரி 2.2 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் மீட்டருக்கு 2 வீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இரண்டு மடங்கு பாரம் அம்மா. காகிதம் எவ்வளவு கனம் என்பது வீடு மாற்றும்போது ஒரு பெட்டிப் புத்தகம் தூக்கியவர்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் ஏதாவது அறை கிடைக்கிறதா என்று கேளுங்கள், அது நடக்கக்கூடியது.

இதில் நானும் ஒரு தவறு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். நான் பணியில் இருந்தபோது ஓர் ஆய்வகத்தின் வரைபடத்தைத் துறைத் தலைவரிடம் மட்டும் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். அவர் நல்ல மனிதர், அவசரத்தில் போட்டுக் கொடுத்தார். கட்டடம் முடிந்து கருவி வந்து இறங்கியபோது அது கதவு வழியே நுழையவில்லை. பூசி வர்ணம் அடித்த சுவரை உடைத்துத்தான் உள்ளே கொண்டு போனோம். அந்த ஆய்வகத்தில் இருபது வருடம் வேலை பார்த்த உதவியாளர் ஒருவர் வந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பெட்டியின் அகலத்தைச் சொல்லியிருப்பேனே சார் என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அறைக்கும் ஒரு தாள் வைத்தேன். எத்தனை பேர், எத்தனை குழாய், கழிவுநீர் எங்கே போகும், எவ்வளவு மின்சாரம், எரிவாயு உண்டா, கனமான கருவியின் எடை, அது நுழையும் வழி முழுக்கக் கதவின் அகலம். அதில் தலைவரும் ஆய்வக உதவியாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் டெண்டர். அந்தத் தாளில் அழித்து எழுத அரை நிமிடம் போதும். கான்கிரீட்டில் அதே மாற்றத்தைச் செய்யப் போனால் கூடுதல் வேலைக்கு விலை நிர்ணயம், நிதிக் குழு அனுமதி, கால நீட்டிப்பு என்று ஒரு பருவம் ஓடிவிடும். உங்கள் பொறியாளர் டெண்டருக்கு முன்பு உங்களிடம் இப்படி உட்கார்ந்து கேட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவில்லை என்றால் அந்தக் குறை அவருடையது.

கேள்வி: அண்ணா, சின்ன காண்ட்ராக்டர் நான். ஒரு கல்லூரி விடுதி வேலையில் அதிகாரி வாயால் சொன்னதை நம்பிச் சுற்றுச்சுவரை நீட்டிக் கட்டினேன். இப்போது அவர் மாறிப் போய்விட்டார், புதிதாக வந்தவர் பில்லில் சேர்க்க மாட்டேன் என்கிறார்.
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: தம்பி, சுவர் கண்ணுக்குத் தெரிகிற வேலை, அதனால் வழி இருக்கிறது. கட்டிய தேதி, நீளம், உயரம், யார் சொன்னது எல்லாம் எழுதிப் பதிவுத் தபாலில் கடிதம் கொடுங்கள், கூட்டு அளவீடு கேளுங்கள், தளத்தில் எடுத்த படங்களையும் சிமெண்ட் வாங்கிய ரசீதையும் இணையுங்கள். அஸ்திவாரத்தின் ஆழம்தான் சிக்கலாகும், மூடிப்போன வேலையை யாரும் நம்பி எம் புக்கில் (அளவீட்டுப் புத்தகத்தில்) ஏற்ற மாட்டார்கள். இரண்டு இடத்தில் பக்கத்தில் தோண்டிக் காட்டத் தயார் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். இனிமேல் ஒன்று செய்யுங்கள். அதிகாரி வாயால் சொன்னால் அன்று மாலையே, இன்று நீங்கள் சொன்னபடி நாளை இந்த வேலையைத் தொடங்குகிறேன் என்று இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். மறுப்பு வராவிட்டால் அதுவே உங்களுக்குக் கைப்பிடி.

இதைப் படிக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பில் மூன்று மாதம் நின்றால் காண்ட்ராக்டர் வட்டிக்கு வாங்குவார், அதற்கடுத்து மேஸ்திரியின் கூலி நிற்கும், கடைசியில் அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பையன்கள்தான் சாப்பாட்டுக்குக் கடன் சொல்வார்கள். அளந்ததை அந்த வாரமே எம் புக்கில் எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளை மீனாட்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் கல்லூரிக்காக இடம் பார்த்திருக்கிறது. ஆவணத்தில் 'நிலம்' என்று இருக்கிறது, விலையும் குறைவு. வாங்கலாமா?
*வாசகர், பொள்ளாச்சி*

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா! நமக்கு நிலம் என்றால் எந்தப் பூமியும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்று எழுதியிருந்தால் அது நெல்வயல். வீடு, தோட்டம் உள்ள மேட்டுப் பூமியைப் 'புரயிடம்' என்று எழுதுவார்கள். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வயலை நிரப்பிக் கட்டடம் கட்டுவது லேசில் நடக்காது, விலை குறைவாக இருப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். கிராம அலுவலகத்தில் வரிப் பதிவேட்டையும், கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) நெல்வயல்களைப் பட்டியலிட்ட டேட்டா பேங்கில் அந்தச் சர்வே எண் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கட்டி ஐந்து வருடம்கூட ஆகாத எங்கள் விடுதியில் ஒவ்வொரு கோடையிலும் சுவர் விரிகிறது, மழைக்காலத்தில் கொஞ்சம் மூடிக்கொள்கிறது. கதவுகள் பூட்ட முடியவில்லை. பயமாக இருக்கிறது.
*விடுதி மாணவி, எருத்தேம்பதி பக்கம்*

பதில்: பாப்பா, நீ சொன்ன விதத்திலேயே காரணம் இருக்கிறது. கேரளத்தில் கரிசல் மண் இருப்பது நம் சித்தூர் தாலுகாவில்தான், தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மற்ற ஊர்களில் செம்மண்ணும் வெட்டுக்கல்லும் பார்த்துப் பழகியவர்கள் அதே ஆழத்தில் அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்த மண்ணில் ஈரம் மாறாத ஆழம் வரை இறங்க வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே அடியில் குமிழ் மாதிரி அகன்ற பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) முறையை வளர்த்தெடுத்தது. கரிசலில் அது குறைந்தது 3.5 மீட்டர் இறங்கும், மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், மண் உப்பினாலும் பீமைத் தூக்காது.

கட்டி முடித்த கட்டடத்துக்கு இதைச் செய்ய முடியாதுதான். ஆனால் சுவரோரத்து மண்ணில் ஈரம் ஏறி இறங்குவதைக் குறைக்க முடியும். கட்டடத்தைச் சுற்றி அகலமாகக் கான்கிரீட் விரித்து வெளிப்பக்கம் சரிவு கொடுக்க வேண்டும், கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் குழாயில் தூரமாகப் போக வேண்டும், சுவரோரம் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டும், கழிவுநீர்க் குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். வார்டனிடம் சொல்லி விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டித் தேதி எழுதச் சொல். அது உடைந்தால் அசைவு தொடர்கிறது என்று பொருள். தூணிலோ பீமிலோ விரிசல் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது, அந்த அறையைக் காலி செய்து கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். நீ எழுதிக் கொடுக்கும் புகாரில் இந்த வார்த்தைகளையே போடு, பெற்றோரையும் கையெழுத்துப் போடச் சொல்.

கேள்வி: கிணத்துக்கடவிலிருந்து கேரளத்தில் ஒரு கல்லூரி வேலைக்கு எம் சாண்ட் ஏற்றுகிறேன். டிப்பர் தானாகக் கொட்டுகிறது, ஆனாலும் இறக்குகூலி கேட்டு லாரியை மறிக்கிறார்கள்.
*லாரி உரிமையாளர்*

பதில்: அண்ணா, வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு வாங்கும் 'நோக்குகூலி'யைக் கேரள அரசு 2018 மே 1 முதல் தடை செய்துவிட்டது. தொழிலாளர் துறை அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஆனால் சிமெண்ட் மூட்டை, டைல்ஸ் மாதிரி கையால் இறக்கும் சரக்கு வேறு. அங்கே 1978ஆம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்த சுமட்டுத் தொழிலாளர்களுக்கு (சுமை தூக்குபவர்களுக்கு) உரிமை இருக்கிறது, அது அவர்கள் பல வருடம் போராடி வாங்கியது, அதை மதிக்க வேண்டும். இதைப் பேச வேண்டியது ஓட்டுநர் அல்ல, கல்லூரியின் பொறியாளர். வேலை தொடங்குவதற்கு முன்பே எந்தச் சரக்கு, யார் இறக்குவது, என்ன கூலி என்று எழுதி முடித்துவிட்டால் வாசலில் சண்டை வராது. உங்கள் பக்கம் பெர்மிட் சீட்டும் இ-வே பில்லும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று கிளம்பும்போதே பாருங்கள். எல்லையில் ஒரு லாரி நின்றால் கட்டட வேலை நடக்கும் இடத்தில் முப்பது பேர் கலவை இயந்திரத்தைச் சுற்றிச் சும்மா நிற்பார்கள்.

கேள்வி: பரீட்சை நடக்கும்போது பக்கத்தில் கம்பி வெட்டும் சத்தம் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்ல உரிமை உண்டா?
*மாணவர், கோழிப்பாறை*

பதில்: உண்டு. அதைவிட நல்லது, பரீட்சைத் தேதிகளை டெண்டர் ஆவணத்திலேயே சேர்த்து, அந்த நேரத்தில் சத்தமில்லாத வேலைதான் என்று நிபந்தனை போடுவது. பூச்சு, கம்பி கட்டுவது, பெயிண்ட் என்று எவ்வளவோ இருக்கிறது. முன்பே தெரிந்தால் காண்ட்ராக்டர் அதற்குத் தகுந்த மாதிரி விலை போடுவார், நடுவில் நிறுத்தினால் நஷ்டஈடு கேட்பார்.

கேள்வி: சக்கர நாற்காலியில் இருக்கிறேன். எங்கள் புதிய வகுப்புக் கட்டடத்தில் சாய்தளம் வைத்திருக்கிறார்கள், ஆனால் பார்க்கவே செங்குத்தாக இருக்கிறது. நான் சொன்னால் எடுபடுமா?
*முதுகலை மாணவர், சித்தூர்*

பதில்: எடுபடும், எடுபட வேண்டும். சாய்தளத்தின் சரிவு 1க்கு 12. வாசல்படியின் உயரம் 60 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம் இருக்க வேண்டும், ஏறி முடிக்கும் இடத்தில் நாற்காலி திரும்புவதற்குச் சமதளம் வேண்டும், இரண்டு பக்கமும் கைப்பிடி வேண்டும். பல இடங்களில் தரையின் உயரத்தை முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் மூன்று மீட்டரில் சாய்தளத்தைத் திணிக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டடத்துக்கு முடிப்புச் சான்றே தரக் கூடாது என்கிறது. நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு டேப்போடு போங்கள், உயரத்தையும் நீளத்தையும் அளந்து படம் எடுங்கள், இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுப் பதிவாளருக்கும் பொறியியல் பிரிவுக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுங்கள். கழிப்பறைக் கதவின் அகலத்தையும் அப்படியே அளந்துவிடுங்கள், 90 சென்டிமீட்டர் திறப்பாவது வேண்டும். கிரானைட் ஒட்டுவதற்கு முன்பே போங்கள் தம்பி, இந்த வாரமே.